இலை நுனி சுருண்டிருந்தால் கிழங்கைத் தொடாதீர்கள்!

கேள்வி: எங்கள் தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. மழைக்குப் பிறகு வேலியில் ஒரு காட்டுக்கொடி ஏறி, நெருப்பு மாதிரி பூத்திருக்கிறது. அடியில் கிழங்கும் இருக்கிறது. என் மாமியார் வள்ளிக்கிழங்கு என்கிறார். வேகவைத்துச் சாப்பிடலாமா?
– மலையடிவார வாசகி ஒருவர்

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது செங்காந்தள் போலத் தெரிகிறது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான். நம் மாநில மலரும் இதுவே. ஆனால், செடி முழுக்க நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

பூவைப் பாருங்கள். 6 இதழ்கள், ஓரம் நெளிநெளியாக, பின்பக்கம் மடங்கி மேல்நோக்கி நிற்கும். மலரும்போது பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆக நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இரண்டு நிறப் பூக்கள் இருப்பது இதனால்தான்.

பூ இல்லாத காலத்தில்தான் ஆபத்து. பணியில் சேர்ந்த புதிதில் நானே தடுமாறியிருக்கிறேன். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான் இலை நுனியைத் தொட்டுக் காட்டினார். செங்காந்தள் இலை நீளமானது, காம்பு இருக்காது, நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். வள்ளிக்கொடியின் இலைக்குக் காம்பு உண்டு, நுனி சுருளாது. தண்டுதான் சுற்றி ஏறும். செங்காந்தள் கிழங்கு பெரும்பாலும் கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆனால், கிழங்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரியவே சில மணி நேரமாகும். நடுவில் குறைந்த மாதிரி தெரிந்து, பிறகு உறுப்புகள் பாதிக்கப்படும். கைவைத்தியம் செய்யாமல் 108-ஐ அழையுங்கள். கொடியின் ஒரு துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்கு உதவும்.

அதற்காகக் கொடியை அழிக்க வேண்டியதில்லை. திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மூட்டுவாத மருந்து தயாரிக்க அந்த விதை போகிறது. கிழங்கைத் தொட்டிருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆடு மாடு, குழந்தைகள் எட்டாதபடி வைத்து, பூவைப் பார்த்து ரசியுங்கள். முதலில், தோண்டி வைத்த கிழங்கை அடுப்பங்கரையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மாமியாரிடமும் இலை நுனியைக் காட்டிவிடுங்கள்.