மருந்துப் புட்டி செய்த குற்றம்

பிரயாணத்தின்போது எதை மறந்தாலும் மருந்தை மறக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் புத்திமதியின்படி நடந்த ஒருவர் அதனாலேயே சிறை புக நேர்ந்தது என்றால் நேயர்கள் நம்புவார்களா?

ஹான்ஸ் பால் வெர்ஹூப் என்பவர் ஹாலந்து தேசத்தவர், எய்ட்ஸ் வியாதியஸ்தர். ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடிய ஒரு சுகாதார மகாநாட்டுக்குப் போகும் வழியில், 1989-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் விமான நிலையத்தில் இறங்கினார். அதிகாரிகள் பெட்டியைத் திறந்தார்கள். கள்ளச் சரக்கு ஒன்றும் இல்லை. ஏ. இஸட். டி. என்னும் மருந்து இருந்தது. அது போதாதா? ஒரு நீதிபதி விடுவிக்க உத்தரவிடும் வரையில் சில நாள் அவர் காவலில் இருந்தார்.

காரணம், 1987-ல் பிறந்த ஒரு விதி. எச். ஐ. வி. கிருமி உடைய அந்நியர் எவரும் அமெரிக்காவுக்குள் வரலாகாது! செனெட் சபையில் இதை ஆதரித்தவர் 96 பேர்; எதிர்த்தவர் பூஜ்யம். இந்த வியாதி 1981-ல் முதன்முதல் வைத்திய உலகின் கவனத்துக்கு வந்ததே அமெரிக்காவில்தான் என்பதை அந்த 96 பேரில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மூச்சுக் காற்றினாலோ, தொடுவதனாலோ, சேர்ந்து உண்பதனாலோ பரவாத கிருமி அது. 1992-ல் பாஸ்டனில் நடக்கவிருந்த சர்வதேச எய்ட்ஸ் மகாநாடு இந்த விதியின் பயனாக ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டது. அப்படியும் புத்தி வரவில்லை. 1993-ல் அதைக் கெட்டியான சட்டமாகவே ஆக்கினார்கள்.

விளைவு என்ன? உண்மை சொன்னால் அநுமதி இல்லை. ஆகவே சிலர் மாத்திரைகளை வேறு புட்டியில் மாற்றிக்கொண்டார்கள். சிலர் முன்கூட்டித் தபாலில் அனுப்பினார்கள். வேறு சிலர் வீட்டிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறினார்கள். இந்த மருந்தை நடுவில் நிறுத்தினால் இரத்தத்தில் கிருமி மீண்டும் பெருகும். பிறகு அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். ஒழுங்காக உட்கொண்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்தோ தாம்பத்திய உறவினால்கூட அது தொற்றுவதில்லை என்று இப்போது நிரூபணமாகியிருக்கிறது. தேசத்தைக் காப்பாற்ற வந்த சட்டம், மருந்துண்ட மனிதனை மருந்துண்ணாதவனாக்கி உள்ளே அனுப்பிற்று!

2008-ல் ஜனாதிபதி புஷ் சட்டத்தை நீக்கக் கையெழுத்திட்டார். ஒபாமா காலத்தில், 2010 ஜனவரி 4-ல் தடை முற்றிலும் ஒழிந்தது. 2012-ல் சர்வதேச மகாநாடு வாஷிங்டனிலேயே கூடியது.

அமெரிக்கா திருந்தியது, நம்மவர் அதிகமாகப் பிழைக்கப் போகும் வளைகுடா நாடுகளில் பல இன்னும் திருந்தவில்லை. அங்கே வேலைக்குச் செல்ல இரத்தப் பரிசோதனை கட்டாயம். கிருமி இருந்தால் அநுமதி கிடையாது. போன பிறகு தெரிந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குப் பணம் கட்டியவன், 'ஏனப்பா திரும்பி வந்தாய்?' என்று ஊரார் கேட்டால் என்ன சொல்வான்? கிருமியைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்கலாகாது, சம்மதமின்றிப் பரிசோதிக்கலாகாது என்று இந்தியாவில் 2017-ல் சட்டம் செய்திருக்கிறார்கள். அது கடல் கடந்து செல்லாது. ஆனால் ஊர் திரும்பியவனுக்கு ஒரு வழி உண்டு. ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்தை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அங்கே அவன் யாருக்கும் பயந்து புட்டியை மாற்ற வேண்டியதில்லை.