பங்குக் கிணறும் பங்காளி நாடுகளும்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கோ. பரப்புக் கணக்கும் எல்லைக் கணக்கும் முடிந்த பிறகு கிணறு வரும். கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, கிணற்றுக்குப் போய்வர வழி, தண்ணீர் கொண்டுபோக வாய்க்கால் என்று எல்லாம் எழுதியிருக்கும். பங்குக் கிணறு என்றால் இறைப்புக்கு முறை உண்டு. கிணறு தூர்ந்தால் கலக்கி இறைக்கிற செலவிலும் பங்கு உண்டு. பங்கு இருக்கிறவர் எப்ப இறைக்கிறது, எவ்வளவு இறைக்கிறது என்ற கதையிலும் வாய் திறக்கலாம். பங்காளிகள் கிணற்றுக்காகச் சண்டை பிடித்ததும் கோடேறியதும் உண்டு. சண்டை பிடிக்கிற உரிமையும் பங்கோடு சேர்ந்து வந்ததுதான்.

அந்த உறுதிகளில் பேரே இல்லாத சனமும் எங்கட ஊர்களில் இருந்தது. சாதியைச் சொல்லிக் கிணற்றில் அள்ள விடாமல் வைத்திருந்த சனம். அவர்கள் குடத்தோடு கிணற்றடியில் நிற்கவேணும். பங்குகாரர் யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும்வரை நிற்கவேணும். தண்ணீர் கிடைத்தது. ஏன் இவ்வளவுதான், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் இடமில்லை.

இண்டைக்கு அபிவிருத்திப் பாஷையில் இந்த இரண்டு நிலைக்கும் இரண்டு சொல் இருக்கு. ஒன்று 'பங்காளர்', மற்றது 'பயனாளி'. காலநிலை மாற்றம், நிலைபேறான அபிவிருத்தி என்று சொல்லி வடக்கில் நடக்கிற செயற்றிட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். பங்காளர் என்ற இடத்தில் வங்கிகளும் தூதரகங்களும் அமைச்சுகளும் நிற்கும். பயனாளி என்ற இடத்தில் நாங்கள் நிற்போம், அநேகமாக ஒரு எண்ணிக்கையாக.

வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வருகிற திட்டத்தில் எங்கட சனத்துக்குப் பங்கு வேணும், பங்கோடு சேர்ந்த வாயும் வேணும் என்று சொல்கிறோம்.

இரணைமடுவிலிருந்து தாளையடிக்கு

குடாநாட்டின் தண்ணீர்க் கதை எல்லாருக்கும் தெரியும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலிருக்கிற உவர்நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும். தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் அதே தண்ணீருக்குள் நைத்திரேற்றை இறக்குகின்றன. கடல்மட்டம் உயர, மழையின் ஒழுங்கு குழம்ப, அந்த வில்லை இன்னும் மெலியும். குடிதண்ணீருக்கு ஒரு பெரிய வேலை செய்யத்தான் வேணும். இதில் யாருக்கும் மறுப்பில்லை.

அந்த வேலை எப்படித் தொடங்கியது? யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் செயற்றிட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் 90 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. பிரான்சின் அபிவிருத்தி முகவரகமும் சேர்ந்தது. இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைக் கூட்டி, அங்கேயிருந்து குழாயில் யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது என்பது திட்டம். கடதாசியில் பார்த்தால் நல்ல கணக்கு.

இரணைமடுவுக்கு ஏற்கெனவே பங்குகாரர் இருந்தார்கள். அவர்கள் கிளிநொச்சிக் கமக்காரர். போர் முடிந்தது 2009 இல். முகாம்களிலிருந்து திரும்பிவந்து, காடு பற்றிய வயலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த சனம் அது. மழை குறைந்த வருஷத்தில் சிறுபோகம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து, ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து முடிவெடுக்கிற சனம். குளம் நிறையாத வருஷத்தில் முதல் தண்ணீர் வயலுக்கா, குழாய்க்கா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நம்பிக்கை வருகிற மாதிரிப் பதில் கிடைக்கவில்லை. எதிர்ப்பு வளர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம். "கிளிநொச்சியார் எங்களுக்குத் தண்ணி தரமாட்டினமாம்" என்று இங்கே ஒரு கதை. "எங்கட வயலைக் காயவிட்டு உங்களுக்குக் குழாயோ" என்று அங்கே ஒரு கதை. ஒரே போருக்குள்ளால் வந்த இரண்டு மாவட்டத்துச் சனம் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தது. கமக்காரரைத் தொடக்கத்திலேயே மேசையில் இருத்தாமல் வரைந்த திட்டத்தின் பிழை, கமக்காரரின் சுயநலமாகப் பேர் மாறியது.

கடைசியில் திட்டம் கடலுக்குத் திரும்பியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குவது என்று முடிவானது. வெளியேற்றுகிற உப்புச்செறிந்த நீர் கரையோர மீனை என்ன செய்யும் என்று அங்கேயுள்ள கடற்றொழிலாளர் கேட்டார்கள். கேட்டவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று சொல்லிப்போட்டுப் போவது லேசு. 2017 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இன்னும் 120 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. 2024 ஓகஸ்ட் 2 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க வந்து நிலையத்தைத் திறந்துவைத்தார். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர், மூன்று இலட்சம் பயனாளிகள் என்று சொன்னார்கள்.

முதல் கடனுக்கும் அந்தத் திறப்பு விழாவுக்கும் இடையில் 14 வருஷம். 2010 இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் உயர்தரம் எழுதிவிட்டது. சனத்தோடு கதைத்தால் வேலை பிந்தும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருக்கால் பார்க்கவேணும். முதலே கதைக்காமல் விட்டதற்குக் கொடுத்த விலையும் இந்த 14 வருஷத்துக்குள் இருக்கிறது.

தாளையடித் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பவுசர் வரும்வரை வாளியோடு ரோட்டில் நின்ற சனத்துக்குக் குழாயில் தண்ணீர் வருவது பெரிய விஷயம். ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கவேணும். கடல்நீரிலிருந்து ஒரு கனமீற்றர் நன்னீர் எடுக்கப் பொதுவாக 3 முதல் 4 யூனிற் மின்சாரம் தேவை. நிலையம் முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 யூனிற் வரை. 2022 ஓகஸ்டில் இந்த நாட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியதை மறந்துவிட்டோமா? இனி ஒரு நெருக்கடி வந்தால் தாளையடியின் மின்கட்டணத்தை யார் கட்டுவது? திறைசேரியா, எங்கட தண்ணீர் பில்லா? காலநிலையைத் தாங்குவதற்கென்று கட்டியது டொலர் நெருக்கடியைத் தாங்குமா?

இன்னொன்று. கடலிலிருந்து வருகிற தண்ணீர் கிணற்றை ஆற்றாது. மழைநீரை நிலத்துக்குள் இறக்குகிற குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன. சில குளங்களின் மேல் கட்டடமே எழும்பிவிட்டது. வடமராட்சி, ஆனையிறவுக் கடல்நீரேரிகளை நன்னீர்த் தேக்கங்களாக்கும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே முன்வைத்தார். தொண்டமானாற்றில் தடுப்பணை வந்தது. முள்ளியான் இணைப்புக் கால்வாய் அரைகுறையில் நின்றது. அந்தத் திட்டம் அப்படியே இண்டைக்குச் சரிவருமா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் பொறியியலாளர் இல்லை, கலைப்பீடத்து ஆக்கள். ஆனால் உள்ளூர் மூளையில் பிறந்த ஒரு திட்டம் ஏன் எந்தப் 'பங்காளரின்' முதற்பட்டியலிலும் முழுசாக ஏறவில்லை என்று கேட்க, பொறியியல் பட்டம் தேவையில்லை.

மூன்று தீவு, மூன்று தலைநகரம்

தண்ணீரில் நடந்தது மின்சாரத்திலும் நடந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாத தீவுகள். டீசல் ஜெனரேற்றர்தான் வெளிச்சம். சூரியனும் காற்றும் தாராளமாக இருக்கிற இடத்தில் டீசலைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் எரிக்கிறோம். இதை மாற்றச் சூரியமின், காற்றாலை, பற்றரி எல்லாம் சேர்ந்த கலப்பு முறை ஒன்று திட்டமிடப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவோடு கேள்விப்பத்திரம் கோரி, 2021 ஜனவரியில் சீனாவின் சினோசோர்-இடெக்வின் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை அங்கீகரித்தது.

நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் சுமார் 50 கிலோமீற்றர். இந்தியா ஆட்சேபித்தது. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் 'பாதுகாப்புக் கரிசனை' காரணமாக வேலை இடைநிறுத்தப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அந்த நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளுக்குப் போய்விட்டதாம். 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம், இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில். கடன் நன்கொடையாக மாறியது நல்லதுதான். அதை நாங்கள் மறைக்கவில்லை.

ஆனால் நடந்த ஒழுங்கைப் பாருங்கள். கொழும்பு கொடுத்தது, டெல்லி மறித்தது, பெய்ஜிங் கோபித்தது, கொழும்பு மாற்றிக் கொடுத்தது. முதல் அங்கீகாரத்திலிருந்து புது ஒப்பந்தம் வரை மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குள்தான் 2022 இன் எரிபொருள் நெருக்கடி வந்தது. டீசலை நம்பிய தீவுகள் டீசல் இல்லாத நாட்டுக்குள் இருந்தன. சீனாவா இந்தியாவா என்று எங்கட முகநூலில் ஆக்கள் பட்டிமன்றம் வைத்தார்கள். காற்றாலை எந்தக் காணியில் வரும், பழுதானால் யார் திருத்துவது, தீவுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அதில் தொழிற்பயிற்சி என்று கேட்டவர்கள் குறைவு. பாதுகாப்புக் கரிசனை இரண்டு வல்லரசுக்கும் இருக்கலாம். குமுதினிப் படகில் கடல் கடக்கிற சனத்துக்கும் ஒரு பாதுகாப்புக் கரிசனை இருக்கிறது. அதற்கு எந்தத் தூதரகமும் அறிக்கை விடுவதில்லை.

"பிச்சைக்காரருக்குத் தெரிவு என்ன?"

இப்படி எழுதினால் ஒரு பதில் நிச்சயம் வரும். "காசு தாறவன் சொல்லுறதைக் கேட்கத்தான் வேணும். எங்களிட்ட என்ன கிடக்கு?"

முதலாவது, காசு பெரும்பாலும் கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை அரசாங்கம் இடைநிறுத்தியபோதும், ஆசிய அபிவிருத்தி வங்கி, உலக வங்கி போன்ற பலதரப்பு நிறுவனங்களின் கடன் அந்த நிறுத்தத்துக்குள் வரவில்லை. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களிலும் அந்தக் கணக்குக் கட்டவேண்டியதாகவே இருந்தது. கட்டுகிறவனைப் பிச்சைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, காலநிலையைக் குழப்பியது நாங்கள் இல்லை. 2020 அளவில் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009 இல் கோப்பன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. அது பிந்தி வந்தது. வந்ததிலும் பெரும்பகுதி கடன். வீட்டுக்கு நெருப்பு வைத்தவன் தண்ணி வாளியை வட்டிக்குத் தருகிற கதை.

மூன்றாவது, நட்டம் வந்தால் அது எங்கட கிணற்றில்தான் வரும். சுன்னாகத்தைப் பாருங்கள். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட சனத்துக்கு நிறுவனம் 20 மில்லியன் ரூபா கொடுக்கவேணும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. கிணறு கெட்ட பிறகு வந்தது. இலாபத்தில் பங்கில்லாத சனத்துக்கு நட்டத்தில் மட்டும் முழுப்பங்கு என்றால் அது எந்த ஊர்ப் பங்காளித்துவம்?

பங்கு என்றால் என்ன?

வெறுமனே திட்டிப்போட்டுப் போக நாங்கள் இதை எழுதவில்லை. சட்டம் ஏற்கெனவே எங்கட கையில் ஒரு கதவைத் தந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செயற்றிட்டம் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னரே அதன் விபரங்களைச் சனத்துக்குத் தெரியப்படுத்தவேணும் என்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் பாதிக்கப்பட்ட சனம் நேரடியாக முறையிடுகிற பொறிமுறை ஒன்று இருக்கிறது. பாவிக்காத கதவு துருப்பிடிக்கும்.

எங்கட கோரிக்கைகள் நாலு. ஒன்று, கடன் ஒப்பந்தமும் சுற்றாடல் அறிக்கையும் கையொப்பத்துக்கு முன்னர் தமிழில், வாசித்தால் விளங்குகிற தமிழில், பிரதேச செயலகத்திலும் நூலகத்திலும் கிடைக்கவேணும். இரண்டு, தண்ணீர்த் திட்டம் என்றால் கமக்கார அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் பெண்கள் அமைப்பும் வரைபடம் கீறுகிற நாளிலேயே மேசையில் இருக்கவேணும், வாக்கோடு. அந்த மேசையில் சாதியைச் சொல்லி இன்னொரு கிணற்றடி உருவாகவும் கூடாது. மூன்று, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிற ஒவ்வொரு திட்டத்தோடும் குளம் தூர்வாரலும் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பும் கட்டாயமாக இணையவேணும். நாலு, தீவுகளில் வருகிற மின்சாரத்தைப் பராமரிக்கத் தீவுப் பிள்ளைகளுக்கே பயிற்சியும் வேலையும் வேணும். வெளிநாட்டுப் பொறியியலாளர் போன பிறகு இயந்திரத்தோடு இருக்கப்போவது அவர்கள்தான்.

எங்கட வயது ஆக்களுக்கும் ஒன்று சொல்லவேணும். காலநிலைச் செயலமர்வுக்குக் கூப்பிடுவார்கள். டீசேட் தருவார்கள், ரோல்ஸ் தருவார்கள், பனருக்கு முன்னால் படம் எடுப்பார்கள். போங்கோ. போய் மூன்று கேள்வி கேளுங்கோ. இது கடனா, நன்கொடையா? ஒப்பந்தம் தமிழில் எங்கே இருக்கு? பழுதானால் யார் பொறுப்பு? பதில் சொல்லாவிட்டால் அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தில் எழுதி, பிரதேச செயலகத்தில் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கோ. நாங்களும் தாளையடியிலிருந்து தொடங்குகிறோம்.