ரீமாஸ்டர்: எந்த ஏட்டிலிருந்து?

சென்ற மாதம் திண்டுக்கல்லில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். கவிதை எழுதுகிறவர், நல்ல ரசிகர் என்று நான் இன்னும் நம்புகிறவர். பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ இசைத்தட்டை ரீமாஸ்டர் செய்த பதிப்பில், புது ஹெட்ஃபோனில் கேட்டாராம். “இத்தனை வருஷமா நாம கேட்டது நகல். இப்பத்தான் அசலைக் கேட்கிறோம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எந்த ரீமாஸ்டர் என்று நான் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “ரீமாஸ்டர்தான்” என்றார்.

கேள்வி அற்பமானதல்ல. தட்டு வெளிவந்தது 1973ல். 2003ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு. கேட்பவனைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகள் வைத்துக் கேட்பதற்காக ஜேம்ஸ் கத்ரி செய்த கலவை அதில் இருந்தது. அசல் பதிவில் ஒலிப்பதிவாளராக இருந்த ஆலன் பார்சன்ஸ் அந்தக் காலத்திலேயே நான்கு புற ஒலிக்கென்று ஒரு கலவை செய்திருந்தார். 2003ல் அதைப் பயன்படுத்தவில்லை. 2011ல் மறுபடி ஒரு பதிப்பு. ஐம்பதாம் ஆண்டு என்று 2023ல் இன்னொன்று. என் நினைவில் இருப்பவை மட்டும் இவை. புறநானூற்றில் ஒரு பாட்டைப் பற்றி இதே நண்பரிடம் வாய் திறந்தால் யார் பதிப்பு, என்ன பாடம் என்று கேட்டு ஆளை மடக்கிவிடுவார். காது விஷயத்துக்கு வரும்போது மட்டும் இந்தப் பிரக்ஞை எங்கே போய்விடுகிறது?

நம்மில் இசையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஆன்மா, மௌனம், வெளி என்று மூன்று சொற்கள் போதும். நாடா, தட்டு, ஊசி என்று பேச ஆரம்பித்தால் மெக்கானிக் பேச்சு என்று முகத்தைச் சுளிப்பார்கள். இந்த மேட்டிமைதான் கம்பெனிக்காரனுக்கு வசதி. ஆகவே மெக்கானிக் பேச்சையே கொஞ்சம் பேசுகிறேன்.

தனித்தனித் தடங்களில் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவறிந்து ஒன்றாகக் கலப்பது மிக்ஸிங். கலந்து முடிந்த நாடாவை, தட்டு வெட்டுவதற்கோ குறுந்தகட்டுக்கோ ஏற்றபடி சீர்செய்து அனுப்புவது மாஸ்டரிங். இந்த இரண்டாவது வேலையைப் பழைய நாடாவை எடுத்து மறுபடி செய்தால் ரீமாஸ்டர். முதல் வேலையையே மறுபடி செய்தால் அது ரீமிக்ஸ், வேறு பிரதி. இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வாங்குகிறவனுக்குத்தான் நஷ்டம். மாஸ்டரிங் என்பதும் கண்ணாடி துடைக்கிற வேலை அல்ல. லெட் ஸெப்பலினின் இரண்டாவது தட்டை 1969ல் ராபர்ட் லட்விக் வெட்டியபோது அடிநாதம் அத்தனை பலமாக இருந்தது. மலிவான பிளேயர்களில் ஊசி குதித்தது. கம்பெனி அதை நிறுத்திவிட்டு, அடக்கி வெட்டிய வேறொன்றை விற்றது. பெரும்பாலோர் கேட்டது அந்த இரண்டாவதை. ஆக ‘அசல்’ பிறந்தபோதே இரண்டாகப் பிறந்திருக்கிறது.

பிறகு சத்தம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் எங்கள் ஊரைக் கடக்கிற வாரத்தில் இங்கே வந்து பார்க்கலாம். சாலையோரப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி. பக்கத்துப் பந்தலை அமுக்குவதற்காக இவன் ஏற்றுகிறான். இவனை அமுக்க அவன் ஏற்றுகிறான். நள்ளிரவில் எந்தப் பாட்டும் கேட்பதில்லை, சத்தம் மட்டும் இருக்கிறது. 1990களிலிருந்து மேற்கில் ரீமாஸ்டர்களுக்கு நடந்தது பெருமளவு இதுதான். டிஜிட்டலில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. தாண்டாமல் சத்தத்தைக் கூட்ட ஒரே வழி, மெல்லிய இடங்களைத் தூக்கி, உயர்ந்த இடங்களைத் தட்டிச் சமமாக்குவது. முணுமுணுப்பும் அலறலும் ஒரே உயரம். டிரம்மின் அடி அடியாக விழுவது அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற தாழ்வினால்தான். தாழ்வை நிரப்பிவிட்டால் அடி எங்கே விழும்? ஸ்டூஜஸின் ‘ரா பவர்’ 1973ல் வந்தது. 1997ல் இக்கி பாப் தாமே அதை மறுகலவை செய்து, காது பிய்ந்துபோகிற அளவுக்கு ஏற்றிவிட்டார். ஆசிரியரே செய்தது என்பார்கள். ஆசிரியர் தம் நாவலைப் பிற்காலத்தில் திருத்தி எழுதலாம், அவர் உரிமை. அதனால் முதற்பதிப்பு இல்லாமல் போய்விடாது. அங்கே இல்லாமல் போகவும் இல்லை. 2010ல் பழைய கலவையை மீண்டும் வெளியிட்டார்கள்.

நான் பழம்பெருமை பேசுகிறவன் என்று இந்நேரம் முடிவு கட்டியிருப்பார்கள். என் வியாதியையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் ‘டார்க் சைட்’ கேட்டது தாய்மாமாவின் கேசட்டில். அவர் கல்லூரியில் படித்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியது. கடைக்காரரிடம் இங்கிலீஷ் தட்டுகள் கொஞ்சம் இருந்தன. கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரிடமோ வாங்கியவை என்று மாமா சொல்வார். கடையில் வரிசையாகக் குமிழ்கள் வைத்த ஈக்வலைசர் பெட்டி ஒன்று, சிவப்புப் பச்சை விளக்குகளோடு. “எஃபெக்ட் போடவா தம்பி, ப்ளெயினா?” என்று கேட்பாராம். எஃபெக்ட் என்றால் அடிநாதத்தையும் உச்சநாதத்தையும் தூக்கி, குரலில் கொஞ்சம் எதிரொலி ஏற்றுவது. பணம் கூடுதல். மாமாவிடம் பணமில்லாததால் ப்ளெயின். தொண்ணூறு நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கத்தில் முழுத் தட்டும் அடங்கிவிட்டது, நடுவில் தட்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளியோடு. ஒரு பெண் குரல் அழுது ஓய்கிறது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஊசி விழுகிற ‘டொப்’. பிறகு காசுகள் குலுங்கி, கல்லாப்பெட்டி திறக்கிற ஓசையோடு அடுத்த பாட்டு. அந்த ‘டொப்’ பாட்டின் பகுதி என்றே பன்னிரண்டு வயதுவரை நினைத்திருந்தேன். பின்னால் குறுந்தகட்டில் அது இல்லாமல் கேட்டபோது எதையோ திருடிக்கொண்டுவிட்டார்கள் என்று கோபம் வந்தது. இந்தக் கோபம் விமர்சனம் அல்ல, பழக்கம். தெரிந்துதான் இருக்கிறேன்.

ஆனால் அந்தக் கேசட்டின் உள்ளட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் இப்படி இருக்கிறது: ‘எல்.பி.யிலிருந்து. ப்ளெயின். இரண்டாம் பக்கம் கடைசியில் கீறல் உண்டு.’ எதிலிருந்து எடுத்தது, என்ன செய்தது, எங்கே பழுது. மூன்று தகவல்களும் இருக்கின்றன. எத்தனையோ ஆயிரம் ரூபாய் விலையுள்ள, கெட்டி அட்டைப் பெட்டியில் வருகிற பதிப்புகளில் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். பளபளப்பான புகைப்படங்கள் இருக்கும். குழுவின் மகத்துவத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும்.

உ.வே. சாமிநாதையர் 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது செய்த காரியம் இங்கே நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கிடைத்த ஏடுகள் எவை, யாரிடமிருந்து வந்தவை என்று சொன்னார். பாடபேதங்களைக் காட்டினார். செல்லரித்துப்போன இடங்களில் புள்ளி வைத்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே விட்டார். அவருக்கு இருந்த புலமைக்கு இரண்டு பாட்டுகளைத் தாமே இயற்றி அந்த இடத்தில் வைத்திருக்கலாம், நாமும் இன்றைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். நாடாவின் இரைச்சலை நான் அந்தப் புள்ளிகளாகத்தான் கேட்கிறேன். இரைச்சலை எடுக்கிற யந்திரம் இரைச்சலோடு சேர்த்து சிம்பல் தேய்ந்து மறைகிற வாலையும் அறுத்துக்கொண்டு போகும். அது எடுத்தது எவ்வளவு என்று எவரும் குறித்துவைப்பதில்லை. எடுக்கவே கூடாது என்பதல்ல என் வாதம். எடுத்ததைச் சொல்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸி ஆஸ்பர்ன் கதை இருக்கிறது. 1980, 81ல் வெளிவந்த அவருடைய முதல் இரண்டு தட்டுகளில் பேஸ் கிட்டார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். சேரவேண்டிய ராயல்டிக்காக இருவரும் வழக்குப் போட்டார்கள். 2002ல் புதுப் பதிப்புகள் வந்தபோது அந்த இருவரின் வாசிப்பையும் துடைத்துவிட்டு, வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்திருந்தார்கள். கிட்டார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982லேயே விமான விபத்தில் இறந்துவிட்டவர். இறந்தவன் ஒருவனை, அவன் சந்தித்தேயிராத தாளக்காரர்களோடு இருபது வருஷம் கழித்து வாசிக்கவைத்தார்கள். 2011ல்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. இது ஒலித்தரப் பிரச்னையா? கூலி கேட்டவனை வரலாற்றிலிருந்தே சீட்டுக் கிழிக்கிற வேலை.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய திரையிசைதான் ஞாபகத்துக்கு வந்தது. இளையராஜாவின் இசையில் வயலின் வி.எஸ். நரசிம்மன், குழல் நெப்போலியன், கீபோர்டு விஜி மானுவல், பேஸ் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன். படத் தட்டுகளின் உறையில் இந்தப் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பெயர் இல்லாதவனுக்கு ஒலி மட்டுமே கையெழுத்து. இன்று யார் யாரோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பிரித்து, ‘5.1 ரீமாஸ்டர்’ என்று ஊருக்கு வழங்குகிறார்கள். வத்தலக்குண்டு பஸ்ஸில் அதையே போடுகிறார்கள், சீட் அதிர்கிறது. ஒன்றாகப் பதிந்துபோன ஒலியிலிருந்து குரலையும் வயலினையும் பேஸையும் யந்திரம் பிரிக்கிறது என்றால், ஊகித்துப் பிரிக்கிறது என்று பொருள். பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ தட்டை 2022ல் இந்த முறையில் பிரித்துத்தான் புதிதாகக் கலந்தார்கள். ஆனால் புதுக் கலவை என்று சொல்லி விற்றார்கள்; மோனோ கலவையையும் பெட்டியில் கூடவே வைத்தார்கள். நம்மிடம் சசிதரனின் விரல் எது, யந்திரத்தின் ஊகம் எது என்று கேட்பார் இல்லை. 1964ன் ‘கர்ணன்’ 2012ல் டிடிஎஸ் ஒலியோடு மறுபடி வந்து, கொட்டகைகள் நிரம்பின. நானும் மூன்று முறை பார்த்தேன், சந்தோஷமாகத்தான் பார்த்தேன். கேட்ட ஒலியில் எது 1964ல் பதிவானது, எது 2012ன் கைவேலை என்று கேட்கத் தோன்றியவர் என் அறிமுகத்தில் ஒருவரும் இல்லை. எனக்கே அப்போது தோன்றவில்லை.

நேர்மையாகச் செய்ய முடியாது என்பதும் பொய். பி.ஏ.யில் எங்களுக்குப் பாடமாக இருந்த ‘கிங் லியர்’ 1608ன் குவார்ட்டோவையும் 1623ன் ஃபோலியோவையும் ஒட்டுப்போட்டுச் செய்த பிரதி. இரண்டும் வெவ்வேறு பிரதிகள் என்று 1986ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனியே அச்சிட்டது. பீட்டில்ஸ் தட்டுகள் 2009ல் ரீமாஸ்டர் ஆனபோது மோனோவுக்கு ஒரு பெட்டி, ஸ்டீரியோவுக்கு ஒரு பெட்டி. ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ இரண்டையும் குறுந்தகட்டுக்காக 1986ல் ஜார்ஜ் மார்ட்டின் மறுகலவை செய்திருந்தார். ஸ்டீரியோ பெட்டியில் அது. 1965ன் ஸ்டீரியோ கலவை வேண்டுமென்பவனுக்கு மோனோ பெட்டியில் கூடுதலாக அதுவும். வியாபாரம்தான், இரண்டு பெட்டியையும் வாங்கவைக்கிற தந்திரம்தான். இருந்தாலும் கேட்பவன் தன் கையால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பான தட்டு பக்தர்களையும் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. ஊசியும் தட்டும் மட்டுமே சத்தியம், டிஜிட்டல் தீட்டு என்பவர்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனி, மூல நாடாவிலிருந்து வெட்டியது என்ற பெருமையோடு அதிக விலைக்குத் தட்டுகள் விற்றுக்கொண்டிருந்தது. இடையில் ஒரு டிஜிட்டல் படி இருக்கிறது என்பதை 2022ல் ஃபீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் வெளியே கொண்டுவந்தார். 2011லேயே தொடங்கிவிட்ட வழக்கமாம். பதினோரு வருஷம் அந்தத் தட்டுகளைக் கேட்டுவிட்டு, ‘நாடாவின் சுவாசம்’ என்று சிலாகித்துக்கொண்டிருந்த தங்கக் காதுகளில் ஒன்றுகூட டிஜிட்டலைக் கண்டுபிடிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய், இரண்டரைக் கோடி டாலர் அளவில் சமரசம் ஆயிற்று. பக்தர்கள் ஏமாந்தது காதால் அல்ல, உறையில் இருந்த சொல்லால். ஆகவே காதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுச் சொல்லைப் பற்றிப் பேசவேண்டும் என்கிறேன். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன இடத்தில் இன்ன விதமாகச் செய்தால்தான் திண்டுக்கல் பூட்டு. இரும்புப் பூட்டுக்கு இருக்கிற இந்த வரையறை ‘ரீமாஸ்டர்’ என்கிற சொல்லுக்கு இல்லை. யாரும் எதன்மேலும் ஒட்டலாம்.

அவசரம் என்னவென்றால், 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம் எரிந்தபோது மூல நாடாக்கள் வைத்திருந்த கிடங்கும் எரிந்தது. வெளியுலகம் அதன் விவரங்களை 2019ல் நியூயார்க் டைம்ஸில் படித்தது. எத்தனை அழிந்தன என்பதில் கம்பெனி சொன்னதும் பத்திரிகை சொன்னதும் ஒத்துப்போகவில்லை. நாடா போய்விட்டால் மிஞ்சுவது பதிப்புகள்தான். தட்டு கையில் இருக்கிறவனிடம் பழைய பதிப்பும் இருக்கும். மாதச் சந்தா கட்டிக் கேட்கிற நமக்கு, இரவோடு இரவாகப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்தால் தெரியவே தெரியாது. ஏட்டைக் கரையான் தின்றது அறியாமல். இங்கே ஏட்டுக்கு உடைமைக்காரனே தின்கிறான்.

நண்பர் இதற்குப் பதில் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். தான் கேட்டது எந்த வருஷத்துப் பதிப்பு என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடட்டும்.