நகத்தின் பூச்சும் நாம் அறியவேண்டியதும்



மணப்பெண்ணின் நகங்களுக்கு ‘ஜெல்’ பூச்சு இடும் வழக்கம் பெருநகரங்களைக் கடந்து நம் தருமபுரி மாவட்டத்து இல்லங்களையும் எட்டியுள்ளது. புற்றுநோய் வரும் என்று அஞ்சுவோரும் உளர். விளக்கில் காய்ந்தபின் தீங்கேது என்போரும் உளர். இரண்டுமே முழு உண்மையல்ல.

ஜெல் காய்வதில்லை, புற ஊதாக் கதிர் பட்டு, பிளாஸ்டிக் போன்ற ஏடாக இறுகுகிறது. எல்.இ.டி. விளக்கிலும் அக்கதிர் உண்டு. 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 20 நிமிடம் இக்கதிர் பட்ட உயிரணுக்களில் 20 முதல் 30 விழுக்காடு மடிந்தன. எனினும் அவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டவை. தோலின் காப்புடைய விரலுக்கு அதை அப்படியே பொருத்தலாகாது. விரல்நுனி மட்டும் திறந்த கையுறை அணிவது நலம்.

உண்மையான தொல்லை ஒவ்வாமையே. இறுகாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள மெத்அக்ரிலேட் அரிப்பும் வெடிப்பும் உண்டாக்கலாம். நகமே கழலவும் கூடும். இவ்வொவ்வாமை வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். பின்னாளில் பல் அடைக்கும் பொருளும் ஒவ்வாது போகலாம். நாள்தோறும் இதே வேலை செய்து பிழைக்கும் பெண்களுக்கு ஆபத்து மிகுதி. ஜெல்லை இறுகச் செய்யும் ‘டி.பி.ஓ.’ என்னும் பொருளை, இனப்பெருக்க நலனுக்குக் கேடெனக் கருதி, ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடைசெய்துள்ளது. புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

“தொழுகையில்லா நாள்களில் மட்டும் இட்டுக்கொள்ளலாமே” என்று சிலர் கேட்கின்றனர். சாதாரண நகப்பூச்சை நினைத்தபோது துடைத்துவிடலாம். ஜெல்லோ இரண்டு மூன்று வாரம் நிற்கும். அசிட்டோனில் ஊறவைத்தே அகற்றவேண்டும். பிய்த்தெடுத்தால் நகத்தின் மேலடுக்கும் உடன் வரும். அந்த ஏடு நகத்தை மூடியிருக்கும்வரை ஒளுவின் நீரும், கடமையான குளிப்பின் நீரும் நகத்தைத் தொடுவதில்லை. திருமணத்தன்று இட்ட பூச்சு எத்தனை வேளைத் தொழுகையைத் தடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மருதாணி நிறத்தையே தரும். நீரைத் தடுக்கும் ஏடாவதில்லை. ஆனால் ‘கறுப்பு மருதாணி’ வேண்டாம். அதில் தலைச்சாயப் பொருள் கலந்து தோலைக் கொப்புளிக்கச் செய்வதுண்டு. இலையை அரைத்து இடுவதே நன்று.

விரலில் அரிப்போ வீக்கமோ கண்டால் தாமதியாமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

அழகை விரும்புவது குற்றமன்று. அது உடலுக்கும் வணக்கத்திற்கும் ஊறு செய்யாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.