உடம்போடு சண்டை வேண்டாம்



சென்ற கோடை விடுமுறையில் ஒரு யோகாசனப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். என் பருத்த உடம்பு அதற்கு இணங்கவில்லை. ஒரு வாரம் மூச்சை அடக்கிக்கொண்டு வலுக்கட்டாயமாகக் குனிந்து பார்த்தேன். ஏழாம் நாள் இடுப்பில் ‘சுருக்’கென்றது, நிமிர முடியவில்லை. நல்லெண்ணெய் தேய்த்துவிட்ட ஆச்சி, “ஏளா, அந்த உடம்பு உனக்கு என்ன துரோகம் செஞ்சுது? இந்தப் பாடு படுத்துதியே!” என்றார்கள். அந்தக் கேள்விதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

யோகம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? வில்லாய் வளைந்த ஒல்லியான உடல். அதைப் பார்த்து, ‘நமக்கு இது வராது’ என்று ஒதுங்குகிறோம். அல்லது என்னைப்போல் உடம்பை வதைக்கிறோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து.

யோக நூல் இயற்றிய பதஞ்சலி, இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் அமைய வேண்டும் என்றுதான் விதித்தார். கால்விரலைத் தொடாதவர் யோகி அல்லர் என்று அவர் எழுதவில்லை. மைசூரில் கற்பித்துப் பின்னர் சென்னையில் வாழ்ந்து, 1989இல் நூறு வயதில் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், மாணவரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றைப் பார்த்தே பயிற்சி கொடுத்தார். ஆளுக்கேற்ற யோகம் என்பதே அவர் வழி. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய யோக மந்திரமும் அவ்வழியிலேயே தொடங்கிற்று. அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார், இளமையில் நோயால் நலிந்தவர். பிற்காலத்தில் நாற்காலி, கம்பளி, கட்டை, வார் ஆகியவற்றின் துணையோடு இயலாதவரையும் ஆசனம் செய்ய வைத்தார். உலகப் புகழ் பெற்ற ஆசிரியரே நாற்காலியைத் துணைகொள்ளச் சொல்லும்போது நமக்கு என்ன வெட்கம்?

தனி உடையும் தேவையில்லை. கோவை நானம்மாள் பாட்டியார் சேலை கட்டிக்கொண்டே ஆசனம் செய்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார். சிறு வயதில் தொடங்கிய பழக்கத்தை முதுமையிலும் விடாமல் காத்ததே அவர் பெருமை.

‘சுகமாகச் செய் என்பது சோம்பேறிக்கு நல்ல சாக்கு’ என்று சிலர் கூறலாம். அன்று. ஒரு நாள் மேடையில் வளைவதைவிட, நாள்தோறும் பத்து நிமிடம் பாயில் அமர்வதே கடினம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது நான் செய்வது இதுதான். விடியற்காலை, வெறும் வயிற்றில், கோரைப்பாய் விரித்துக் கொள்கிறேன். முழங்காலைச் சற்று மடக்கி, கை எட்டும் வரையில் மட்டும் குனிகிறேன். மூச்சுத் திணறினால் அதுவே என் எல்லை. வலித்தால் நிறுத்திவிடுகிறேன். உடம்பு ஓய்வு கேட்கும் நாள்களில் சும்மா படுத்து மூச்சைக் கவனிக்கிறேன். என் விரல் இன்னும் பாதத்தைத் தொடவில்லை. ஆனால், கண்ணாடி முன் நின்று என்னையே திட்டுவது நின்றுவிட்டது.

“நாம வேதக்காரங்க, இதெல்லாம் செய்யலாமா?” என்று அம்மா முதலில் தயங்கினார்கள். நம் உடலை ஆலயத்துக்கு ஒப்பிட்டவர் புனித பவுல் அல்லவா? ஆலயத்தைப் பெருக்கி விளக்கேற்றுவோம். கோபுரம் உயரமில்லையே என்று சுவரை இடிப்போமா?

பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் குனிந்து உட்காரும் அம்மா, இப்போது என் பக்கத்தில் பாயில் அமர்ந்து இரு கைகளையும் மெல்ல மேலே தூக்குகிறார்கள். அவர்களுக்கு அதுவே யோகம்.

தோழியரே, போட்டி நடத்துவோர் வளைவுக்கு மதிப்பெண் போடட்டும். நம் வீட்டுப் பாயில் மதிப்பெண் வேண்டாம். இறைவன் தந்த உடம்போடு சண்டையை நிறுத்தி நட்புக் கொள்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, இளையரசனேந்தல்