யார் போட்ட பட்டியல்?

என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு படிக்கிறாள். ஏழு வருடமாகக் கிளாரினெட் வாசிக்கிறாள், கல்லூரியிலும் அதையே படிக்க வேண்டும் என்கிறாள். அதற்கு நடுவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான்: ஒரு கான்செர்ட்டோவின் ஒரு பகுதி, அதற்கு மாறான தன்மையுள்ள இன்னொரு படைப்பு, ரோஸின் பயிற்சிப் பாடங்களில் ஒன்றிரண்டு.

அவளுடைய ஆசிரியர் ஒரு பட்டியல் கொடுத்தார். மொசார்ட், வெபர், பிராம்ஸ், டெபுஸ்ஸி, பூலாங்க். எல்லாம் நல்ல இசை, அதில் எனக்குச் சண்டை இல்லை. “இதில் ஒரு பெண்கூட இல்லையே சார்” என்று கேட்டிருக்கிறாள். ஆடிஷனுக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்பது அவருக்குக் கிடைத்த பதில். தப்பு, அவளுக்குக் கிடைத்த பதில். அவரை யாரும் கேள்வி கேட்டதில்லை என்பதுதானே பிரச்சினையே.

அரசியலைக் கொண்டுவந்தது யார்? தரமானது காலத்தைத் தாண்டி நிற்கும், மற்றது உதிர்ந்துவிடும் என்கிறார்கள். சரி, டெபுஸ்ஸியின் ‘முதல் ராப்சடி’ எப்படிப் பிறந்தது? பாரிஸ் கன்சர்வேட்டரியின் 1910 கிளாரினெட் தேர்வுக்கென்றே எழுதப்பட்டது. அதற்கு முன் 1899இல் மெஸ்ஸாஜேவும் 1901இல் ரபோவும் அதே தேர்வுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் மாணவர்கள் அவற்றை வாசிக்கிறார்கள். காலமா தேர்ந்தெடுத்தது? ஒரு நிறுவனம் சிலரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னது. எழுதியதைப் பிள்ளைகள் கட்டாயமாக வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகளே ஆசிரியர்களாகி அதையே சொல்லிக்கொடுத்தார்கள். அதே கன்சர்வேட்டரியில் 1842 முதல் பியானோ பேராசிரியராக இருந்தவர் லூயிஸ் ஃபராங்க். ஆண் சகாக்களைவிடக் குறைந்த சம்பளம். கேட்டுக் கேட்டு 1850இல்தான் சமமாக வாங்கினார். கிளாரினெட், செல்லோ, பியானோவுக்கு அவர் எழுதிய ட்ரியோ ஒன்று இருக்கிறது. பட்டியல் போட்டவருக்கு அது தெரிந்திருக்குமா?

பூலாங்கையே எடுத்துக்கொள்வோம். அவருடைய கிளாரினெட் சொனாட்டா 1962இல் எழுதியது. ‘லே சீஸ்’ என்று பெயர் பெற்ற ஆறு பேர் குழுவில் அவரும் ஒருவர். அந்த ஆறில் ஒரே பெண் ஜெர்மேன் தையஃபேர். தனிக் கிளாரினெட்டுக்கு அவர் ஒரு சொனாட்டா எழுதினார், 1957இல், பூலாங்குக்கு ஐந்து வருடம் முன்பு. நண்பர்கள், ஒரே ஊர், ஒரே காலம், ஒரே கருவி. ஒன்று பட்டியலில் நிரந்தரம், இன்னொன்றின் பெயரே ஆசிரியருக்குப் புதிது.

எலிசபெத் மெக்கான்கிக்கு லண்டன் ராயல் காலேஜில் உதவித்தொகை மறுக்கப்பட்டபோது சொன்ன காரணம், கல்யாணம் ஆனால் எழுதுவதை விட்டுவிடுவாள் என்பது. கல்யாணம் ஆனது, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள், பதின்மூன்று நால்வர் இசை எழுதினார். 1945இல் கிளாரினெட்டுக்கு ஒரு கான்செர்டினோவும் எழுதினார். ஜோன் டவரின் ‘விங்ஸ்’ 1981. இருப்பதே தெரியாமல் ‘இல்லை’ என்று சொல்வது எவ்வளவு வசதி!

பள்ளி பேண்டில் கிளாரினெட் வரிசையைப் பாருங்கள், பெண் பிள்ளைகள்தான் அதிகம். (நம் ஊர் சதிர் மேடையிலும் கிளாரினெட் இருந்தது, ஆடியவள் பெண், ஊதியவர் ஆண். அது வேறு கதை.) அந்தப் பிள்ளைகள் மேலே போகும்போது என்ன நடக்கிறது? சபீனே மேயரைப் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் சேர்க்கக் கரயானே விரும்பினார். 1982இல் வாத்தியக் குழு ஓட்டுப் போட்டது: எதிர்ப்பு 73, ஆதரவு 4. அவருடைய ஒலி மற்றவர்களோடு ஒட்டவில்லையாம். 1983இல் அவரே விலகினார். உலகம் முழுக்கத் தனி வாத்தியக்காரராக வாசித்தபோது யாருக்கும் அந்த ஒலி உறுத்தியதாகத் தெரியவில்லை.

“நடுவர்களுக்குத் தெரிந்ததை வாசித்தால்தான் ஒப்பிட முடியும்” என்பது அடுத்த வாதம். இதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். தோற்றால் அந்தப் பெண்தான் தோற்பாள், கட்டுரை எழுதுகிற நான் அல்ல. ஆனால் ஒரு நடுவருக்கு விரல் சுத்தமா, மூச்சு நிற்கிறதா, சுருதி சேர்கிறதா என்று சொல்ல மொசார்ட் தேவைப்படுகிறது என்றால், அவர் காதை நாம் கொஞ்சம் சந்தேகிக்கலாம். அந்த மொசார்ட் கான்செர்ட்டோவே 1791இல் பேசெட் கிளாரினெட்டுக்காக எழுதப்பட்டது. கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. நாம் வழக்கமாகக் கேட்பது சாதாரணக் கிளாரினெட்டுக்காகப் பின்னால் மாற்றிப் பதிப்பித்தது.

காசுக் கணக்கும் உண்டு. மொசார்ட்டை அதன் சுருதியில் வாசிக்க ‘ஏ’ கிளாரினெட் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது ‘பி ஃபிளாட்’ மட்டும். பூலாங்குக்குப் பியானோக்காரர் வேண்டும், அவருக்கு ஒத்திகைக்கும் சேர்த்துப் பணம் வேண்டும். தையஃபேரின் சொனாட்டாவுக்கு ஒரு கருவி, ஒரு ஆள் போதும். வீடு துடைத்துப் படிக்கவைக்கிற தாயின் மகளுக்கு எது எட்டும் என்று பட்டியல் போடுகிறவர்கள் யோசித்ததுண்டா?

இந்த ஆபத்தைப் பதினேழு வயதுப் பெண் தலையில் கட்டக் கூடாது. பட்டியலைத் திருத்த வேண்டியவர்கள் சம்பளம் வாங்குகிற ஆசிரியர்களும் துறைத் தலைவர்களும்.

அவள் முடிவெடுத்துவிட்டாள். முதலில் வெபர், இரண்டாவது தையஃபேர். ‘தையஃபேர்’ அவர் பிறந்த பெயரில்லை. இசை படிக்கவைக்க மறுத்த அப்பாவின் பெயரை வேண்டுமென்றே மாற்றி வைத்துக்கொண்டது. விண்ணப்பத்தில் இசையமைப்பாளரின் குடும்பப் பெயர் மட்டும் போதும் என்றிருந்தது. வெபருக்கு அப்படியே எழுதினாள். அடுத்த கட்டத்தில் முழுப்பெயரையும் நுணுக்கி எழுதி அனுப்பியிருக்கிறாள்.