ஒரே என்ஜின் விமானம்: நம்பி ஏறலாமா?

விமானத்தில் இருப்பது ஒரே ஒரு என்ஜின். நடுவானில் அது நின்றுவிட்டால் பயணிகளின் கதி என்ன?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. பல நாட்டு அரசாங்கங்களுக்கும் இருந்தது. ஆனால் இன்று அதே விமானம் பல நாடுகளில் வியாபாரிகளையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு இரவிலும் பறக்கிறது. இது எப்படி நடந்தது?

பறக்கும் டாக்டர்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வீடுகள் வெகு தூரத்துக்கு ஒன்றாக இருக்கும். நோய் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பல நூறு மைல் போக வேண்டும். ஜான் பிளின் என்ற பாதிரியார் இதற்கு ஒரு வழி கண்டார். "டாக்டரையே விமானத்தில் அனுப்பினால் என்ன?" என்பதே அவருடைய யோசனை. 1928 மே 17 அன்று குளோன்கரி என்ற ஊரிலிருந்து முதல் டாக்டர் பறந்தார். அந்த விமானத்துக்கும் ஒரே என்ஜின்தான்!

அந்தச் சேவை இன்றும் நடக்கிறது. அதில் பறக்கும் விமானங்களில் ஒன்று, சுவிட்சர்லாந்தில் செய்யப்படும் 'பிலாட்டஸ் பி.சி.-12'. இது 1991-ல் முதன்முதலாகப் பறந்தது. 9 பயணிகள் வரை ஏறலாம். மணிக்கு 300 மைல் வேகம் போகும். ஏறி இறங்கச் சுமார் அரை மைல் நீளமுள்ள மண் தரையே போதும். பின்பக்கத்தில் பெரிய கதவு உண்டு. நோயாளியைக் கட்டிலோடு உள்ளே ஏற்றிவிடலாம்.

என்ஜின் நின்றால்?

இதில் இருப்பது 'டர்போபிராப்' என்ஜின். எண்ணெய் எரிந்து சூடான காற்று சீறி வருகிறது. அது ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் முன்னால் உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. பழைய என்ஜின்களைப் போல மேலும் கீழும் இடிக்கும் பாகங்கள் இதில் இல்லை. ஆகவே பழுது குறைவு.

அப்படியும் நின்றுவிட்டால், விமானம் கல்லைப் போல விழாது. பருந்து சிறகை விரித்து மிதப்பது போல மிதந்து இறங்கும். 10,000 அடி உயரத்தில் நின்றால், காற்று எதிர்க்காதவரை 25 மைல் தூரம் போகலாம். அதற்குள் விமானி இறங்க இடம் தேட வேண்டும்.

ஒரே என்ஜின் என்றால் எண்ணெய்ச் செலவு குறைவு. பராமரிப்புச் செலவும் குறைவு. பெரிய விமானம் எட்டிப் பார்க்காத சிற்றூருக்கும் சேவை கிடைக்கிறது.

சட்டம் இறங்கி வந்தது

கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் ஒற்றை என்ஜின் விமானம் இரவிலும் மேகத்திலும் பறக்கக்கூடாது என்று பல நாடுகள் தடுத்திருந்தன. கனடா 1993-ல் அனுமதித்தது. அமெரிக்கா 1997-ல் அனுமதித்தது. ஐரோப்பா 2017-ல்தான் இணங்கியது. அதுவும் சும்மா அல்ல. என்ஜினின் உடல்நிலையை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும். விமானிக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நெவாடாவில் நடந்தது

2023 பிப்ரவரி 24. அமெரிக்காவின் நெவாடா மாநிலம். இருட்டு, மோசமான வானிலை. நோயாளி ஒருவரை ஏற்றிச் சென்ற பி.சி.-12 விமானம் வானிலேயே உடைந்து விழுந்தது. நோயாளி, அவருடைய உறவினர், நர்ஸ், மருத்துவ உதவியாளர், விமானி ஆகிய ஐந்து பேரும் மாண்டனர்.

என்ஜின் நின்றதா? இல்லை. தானாக ஓட்டும் கருவி விலகியிருந்தது. விமானிக்கு இருட்டில் திசை தடுமாறிவிட்டது. இப்படித்தான் விசாரணை முடிவு சொன்னது. புறப்படுமுன் ஆபத்தை எடைபோட்டுப் பார்த்தது போதவில்லை என்றும் அது குறை கூறியது.

இரண்டாவது என்ஜின் இருந்தாலும் அந்த ஐவரைக் காப்பாற்றியிருக்காது. "இன்று இரவு வேண்டாம்" என்ற ஒரு சொல் காப்பாற்றியிருக்கலாம்.

ஆகவே ஏறுகிறவர்கள் என்ஜினை மட்டும் எண்ணினால் போதாது. வானிலை எப்படி? விமானிக்குப் பயிற்சி உண்டா? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? இவற்றையும் கேட்க வேண்டும்.